கூண்டுக்குள் விழுந்தால் இரண்டு

ரம்ஸ் கடற்கரையில் கடிகாரம் செல்லாது.
வற்றத்தில் ஆட்டம், ஏற்றத்தில் முடிவு.
சில வெள்ளி மாலை நாலு மணி.
சில வெள்ளி நடுராத்திரி,
லேண்ட் குரூசர் விளக்குகளின் வெளிச்சத்தில்.
குதிகாலால் கோடு கிழிப்பவன் மொஃபிஸ்.
விங்கில் ஓடுகிறவன்,
அதனால் அந்தப் பக்கம் மட்டும்
கோடு கொஞ்சம் வீங்கியிருக்கும்.

கோல் கம்பம் கிடையாது.
பக்கத்துக்கு இரண்டு கர்கூர்.
ஹமூர் பிடிக்கிற கம்பிக் கூண்டு,
கவிழ்த்த அண்டா மாதிரி.
உள்ளே போன மீனுக்கு
வந்த வழி தெரியாது.
இரண்டு கூண்டுக்கும் நடுவே போனால் ஒன்று.
கூண்டின் வாய்க்குள்ளேயே சிக்கினால் இரண்டு.
யார் வைத்த சட்டம் என்று தெரியாது.
மாற்றலாமே என்ற பிஜோயை
அந்த சீசன் முழுக்கப் பந்து பொறுக்க விட்டார்கள்.

நான் கோலி.
வேலை ஐஸ் பிளாண்டில்.
பாரைப் புரட்டிப் புரட்டி
உள்ளங்கை மரத்துவிட்டது.
எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்தின்
சத்தம்தான் கேட்கும்,
வலி வராது.
"கையா லேய் அது, பலகையா?" என்பான்
எங்கள் பேக், வள்ளவிளை டைட்டஸ்.

எதிரணியில் ஹமத்.
நான் புரட்டும் ஐஸ்,
டைட்டஸ் ஏறும் லாஞ்சு,
எங்கள் விசாவில் இருக்கிற கையெழுத்து
எல்லாம் அவன் அப்பாவுடையது.
கந்தூராவைச் சுருட்டி இடுப்பில் செருகிவிட்டால்
அவனும் ஒரு பத்தொன்பது வயசு,
முழங்காலில் சிப்பி கிழித்த தழும்போடு.

போன வெள்ளி,
ஷமால் அடித்து ஓய்ந்த மறுநாள்.
கரை முழுக்க சொறிமுட்டை.
ஆட்டம் மூன்றுக்கு மூன்று.
தண்ணீர் வந்துகொண்டிருந்தது
எங்கள் சம்பளம் மாதிரி,
இரண்டடி வந்து
ஒன்றரையடி பின்வாங்கி.
கூண்டின் அடிக்கம்பியை அலை தொட்டால் முடிந்தது.
இன்னும் ஒரு சாண்தான்.

ஹமத் தனியாக வந்தான்.
டைட்டஸ் சொறிமுட்டையில் வழுக்கிக் கிடந்தான்,
வாயில் பாதி மணல், பாதி கெட்டவார்த்தை.
மூன்று மாச பாக்கி
அந்த நொடியில் நினைவுக்கு வந்தது என்றால்
அது பொய்.
அவன் இடதுகால் பெருவிரலை மட்டும் பார்த்தேன்.
அது கடலைக் காட்டியது.
கடல் பக்கம் பாய்ந்தேன்.
பந்து முழங்கையில் பட்டு எகிறி
என் கூண்டின் வாயிலேயே போய்ப்
பொத்தென்று உட்கார்ந்தது.

அப்போதுதான் அலையும்.

எது முதல்?
நாலு பாஷையில் கத்தினார்கள்.
"மாய் அவ்வல், தண்ணிதான் முதல்ல!"
டைட்டஸ் படுத்தபடியே சாட்சி சொன்னான்.
நான் பார்த்தேன்.
பந்துதான் முதல்.
அலைக்கு இன்னும் நாலு விரல் இருந்தது.
சொல்லவில்லை.

ஹமத் கத்தவில்லை.
கூண்டுக்குள் தோள் வரை கையை விட்டுப்
பந்தை இழுத்துக்கொண்டிருந்தான்.
வரவில்லை.
நான் கம்பியை விரித்துப் பிடித்தேன்.
முழங்கை வரை கீறிக்கொண்டு
வெளியே எடுத்தான்,
என் கையில் வைத்தான்.
"மாய் அவ்வல்" என்றான்.
முகத்தைப் பார்க்காமல் போனான்.

சனி காலை ஐந்தரை.
பிக்கப்போடு வந்தான், முழங்கையில் பிளாஸ்திரி.
"அர்பயீன்" என்றான். நாற்பது பார்.
ஏற்றி முடித்ததும் கேட்டான்:
"பந்துதானே?"
"தண்ணி" என்றேன்.
சிரித்தானா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினானா,
தெரியவில்லை.
பில்லில் நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.
எண்ணிப் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்று ஏற்றியிருந்தேன்.
அதுவும்
அவன் அப்பா ஐஸ்தான்.